பத்து மில்லி நொடி

புதுவயலுக்குள் நுழையுமுன்னே
அவித்த நெல்லின் வாசம் ஹெல்மெட்டுக்குள் வந்துவிடும்.
சாத்தப்பன் மில்லில் எடைமேடைக் கம்ப்யூட்டர்
தானாக அணைகிறது, தானாக எழுகிறது.
மூன்று பேர் பார்த்தாயிற்று.
ஒருவர் வைரஸ் என்றார்.
ஒருவர் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினார்,
கூடவே ஒரு வருட ரசீதுகளும் போயின.
மூன்றாமவர் ராமை மாற்றி
பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.
நான் நாலாவது.

"மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா."
முதலாளி குரலைத் தாழ்த்தினார்,
தாழ்த்தியும் அறைக்கே கேட்கும்படி.
"லோடு லாரி மேடை ஏறினாத்தான் அணையுது.
எடை போடுறவன் யாருன்னு பாருங்க."

எடை போடுகிற அடைக்கலம்
கீபோர்டில் ஒட்டிய தவிட்டை ஊதிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
ரெண்டு மாதமாகச் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம்.
டீ கொண்டுவந்த பையன் சொன்னான்.

சிஸ்டத்தின் பதிவைத் திறந்தேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.
சிவப்பு அடையாளத்தோடு ஒரே எண், பக்கம் பக்கமாக.
அது காரணம் இல்லை.
மயங்கி விழுந்தவன் கண் விழித்து
"விழுந்துட்டேன் போல" என்பானே,
அவ்வளவுதான் அது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே அரைப்படி தவிடு.
விசிறியைத் துடைத்தேன், பசை மாற்றினேன்,
சூடு எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது.
முடிந்தது என்று டூல் பாக்ஸை மூடினேன்.
பதினொன்று இருபதுக்கு அணைந்தது.

ராம் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.
ஒரு பிழை இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் நலம்.
ராத்திரி முழுக்க அது அணையவும் இல்லை என்பது
என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் அடைக்கலம் ஒரு கட்டு நீட்டினார்.
கிழித்த தினத்தாள்கள், பின்பக்கம் கோடு போட்டு.
தேதி. மணி. லாரி நம்பர்.
அறுபத்துமூன்று தடவை அணைந்திருக்கிறது.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: அப்போது நான்.
பேனா எடுத்தேன்.
தும்மினேன்.
டிரைவரிடம் சில்லறை கேட்டேன்.
கை மேசையில் இல்லை.
கை மேசையில் இல்லை.

அறுபத்துமூன்று முறை
தன்னைத்தானே நிறுத்தி விசாரித்திருக்கிறார் மனுஷன்.

அந்த நேரம் தேவகோட்டை லோடு மேடை ஏறியது.
எண் துடித்து நின்றது.
அடைக்கலம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.
வெளியே யாரோ கத்தினார்கள்: "எலிவேட்டரப் போடு!"
டியூப் லைட் ஒருமுறை சிமிட்டியது.
திரை கறுத்தது.

லாரி இல்லை.
லாரி வந்தால் மூட்டை இறங்கும்,
மூட்டை இறங்கினால் மோட்டார் ஓடும்,
மோட்டார் கிளம்பும் இழுப்பில் கரண்ட் தொய்யும்.
யூபிஎஸ் கைமாற்றிக்கொள்ளப் பத்து மில்லி நொடி போதும்.
அந்தப் பத்தை மூச்சடக்கித் தாண்டத்தான்
பவர் சப்ளைக்குள் ஒரு கெபாசிட்டர்.
திறந்தேன்.
குழிப்பணியாரமாக உப்பிய தலை,
காலடியில் பழுப்புக் கசிவு.

"அண்ணே, நீங்க ரோட்டுக்குப் போய் நில்லுங்க" என்றேன்.
மேடை காலி. நாற்காலி காலி.
மோட்டாரை மூன்று தடவை போடச் சொன்னேன்,
சாத்தப்பன் பார்க்க.
மூன்று தடவையும் அணைந்தது.

புதுசு மாட்டியதும் அவர் விலை கேட்டார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
ரசீதில் 'காரணம்' என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
நாலு வரி நெருக்கி எழுதினேன்.
கார்பன் நகலை அடைக்கலம்
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பிடித்த பணம் திரும்பியதா, தெரியாது.

பத்து நாள் கழித்து போன்.
"ஒரு தடவகூட அணையல மேடம்.
ஆனா லைட்டு சிமிட்டுனா
என் கை தானா சேவ் அழுத்துது, நெஞ்சு நின்னு வருது.
இதுக்கு எதை மாத்தணும்?"